மலேரியாவின் மறைவிலிருந்த நோய்: இலங்கைச் சிறாரிடையே தலசீமியா இனங்காணப்பட்ட வரலாறு

பம்பலப்பிட்டிச் சந்தியிலிருந்து கிழக்கே செல்லும் பௌத்தாலோக மாவத்தை முன்னாளிற் புல்லர்ஸ் வீதி எனப்பட்டது. காலி வீதியிலிருந்து புறப்படும் அது கனத்தை மயானத்தை அண்டிப் பொறளையை அடைகிறது. அங்கிருந்து சிறிது தூரத்திற் சிறுவர் வைத்தியசாலை அமைந்துள்ளது. 1895ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் அவ்வைத்தியசாலை, பின்னர் தேசாதிபதி வெஸ்ற் றிட்ஜ்வேயின் மனைவியார் பெயரைத் தாங்கிச் சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலை ஆயிற்று. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நோயுற்ற தம் பிள்ளைகளை நூறாண்டுக்கு மேலாக எடுத்துச் சென்ற வழி இதுவே. நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து புகைவண்டியிலும் பஸ்ஸிலும் வந்த பிள்ளைகளும் ஈற்றில் அவ்வாயிலையே அடைந்தனர். இலங்கைச் சிறாரின் நோய்களுக்கு நவீன மருத்துவம் பெயரிட்ட வரலாற்றில் ஒரு பெரும் பகுதி அங்கேதான் நிகழ்ந்தது.

ஆடிவேல் விழாக் காலத்திற் கதிரேசன் கோயில்களின் முன்றிலிற் கூடும் மக்களை நோக்குக. செட்டியார் தெருவிலிருந்து வரும் வேலைக் காணத் தந்தையர் தம் பிள்ளைகளைத் தோளிலே தூக்கி நிற்பர். மெலிந்த பிள்ளையையும் கொழுத்த பிள்ளையையும் எவரும் வேறுபடுத்தி அறிவர். வெளிறிய முகமும் பருத்த வயிறும் தேர்ந்த வைத்தியரின் கண்ணுக்குத் தப்பா. ஆனால், அப்பிள்ளையைத் தோளிற் சுமந்து நிற்கும் திடகாத்திரமான தந்தையின் குருதியிலும், அருகே அருச்சனைத் தட்டுடன் நிற்கும் தாயின் குருதியிலும் அந்நோயின் பாதிப் பங்கு ஒளிந்திருப்பதை எந்தக் கண்ணும் காணாது. பரம்பரை நோய்களை இனங்காண்பதிலுள்ள இடர்ப்பாடு முழுவதும் இதனுள் அடங்கும்.

ஒரு பிள்ளையின் நோயை இனங்காணல் என்பது ஒரு நாளில் ஒரு வைத்தியர் செய்து முடிக்கும் காரியம் அன்று. கண்ட குறியைத் தாய் சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்பவர் நம்ப வேண்டும். நம்பியவரிடம் அதனைச் சோதிக்கும் கருவியும், பெயரிடும் அறிவும் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் நோய் வேறொரு பெயரின் கீழ் மறைந்துவிடும். இலங்கையில் தலசீமியா எனும் குருதி நோய் அவ்வாறு மறைந்திருந்தமையும், பின் வெளிப்பட்டமையும் இதற்குச் சிறந்த சான்றாகும்.

வீட்டுப் பெயரும் வாகடப் பெயரும்

தமிழ் வைத்தியம் சிறார் நோய்களைத் தனித் துறையாகவே கருதியது. பாலவாகடம் என்ற நூல்வகை இதற்குச் சான்று. யாழ்ப்பாண அரசர் காலத்ததாகக் கொள்ளப்படும் ‘பரராசசேகரம்’ என்னும் வைத்திய நூலிலும் பாலரோகங்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு, ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நூலைப் பகுதி பகுதியாக அச்சேற்றினார். மாந்தம், கணை, பாண்டு, காமாலை முதலிய பெயர்கள் யாவும் கண்ணாற் கண்ட குறிகளைக் கொண்டு அமைந்தவை. உடல் வெளிறினாற் பாண்டு. கண் மஞ்சளித்தாற் காமாலை. வீட்டிலே பாட்டிமார் வைத்த பெயர்கள் வேறு. கண்ணூறு, நாவூறு என்றனர்; நூல் கட்டினர்; திருநீறு போட்டுப் பார்வை பார்த்தனர். பிள்ளை தேறாவிடின் கிரகபலன் என்று அமைந்தனர்.

இப்பெயர்களை அறியாமை என்று ஒதுக்குதல் வரலாற்றுணர்வு ஆகாது. குறியைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அவற்றில் உண்டு. ஆயின் ஒரே குறி பல காரணங்களாற் தோன்றலாம் என்பதையும், அக்காரணம் பெற்றோரின் உடலிலேயே நோயாக வெளிப்படாமல் இருக்கலாம் என்பதையும் குறியின் பெயர் காட்ட இயலாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன், உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் நூற்றுக்கணக்கான தமிழ்ச் சொற்களை ஆக்கியும் தொகுத்தும் வைத்தார். எனினும் 1873இல் அவர் இந்நாட்டை விட்டுச் சென்றபோது பரம்பரை பற்றிய அறிவு மேனாட்டிலேயே பிறக்கவில்லை எனலாம். மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வை உலகம் 1900ஆம் ஆண்டிலேதான் கண்டெடுத்தது.

தாய் கண்டதும் வைத்தியர் கண்டதும்

மேனாட்டிலும் பரம்பரை நோய்களை முதலில் உணர்ந்தவர் பெரும்பாலும் தாய்மாரும் தாதியருமேயாவர். பிறந்த குழந்தையின் துணி சிறுநீரினாற் கறுப்பதை அவர்கள் கண்டனர். இலண்டன் வைத்தியர் ஆச்சிபோல்ட் கறொட் இக்குறியை ஆராய்ந்து, 1902இல் ஓர் அரிய உண்மையை வெளியிட்டார். இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருட் பலர் ஒன்றுவிட்ட சகோதர முறையினர் என்பதே அது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே குறையைப் பெற்ற பிள்ளையிடமே நோய் வெளிப்படும் என்னும் விளக்கம் மெண்டலின் விதியுடன் பொருந்தியது. மனிதரின் நோயொன்றை அவ்விதியைக் கொண்டு விளக்கிய முதல் முயற்சி இதுவாகும். மாமன் மகளை மணத்தலை உரிமையென்று போற்றிய தமிழ்ச் சமுதாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் அது எட்ட நெடுநாள் ஆயிற்று.

நோர்வே நாட்டில் 1934ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதனினும் உருக்கமானது. மனவளர்ச்சி குன்றிய இரு பிள்ளைகளின் தாய் ஒருவர், அவர்களின் சிறுநீரில் வீசும் விநோதமான மணத்தைப் பல வைத்தியரிடமும் எடுத்துரைத்தும் எவரும் பொருட்படுத்தவில்லை. ஈற்றில் அஸ்பியோர்ன் பொலிங் என்பார் அதனைச் செவிமடுத்தார். பெரிக் குளோரைட்டு இட்டபோது சிறுநீர் ஆழ்ந்த பச்சை நிறமாயிற்று. அவர் மனநோய் நிலையங்களில் இருந்த 430 பேரைச் சோதித்து, மேலும் எட்டுப் பேரிடம் அதே குறியைக் கண்டார். அந்நோயே பின்னர் பீனைல்கீற்றோனூரியா எனப் பெயர் பெற்றது. அத்தாயின் இரு பிள்ளைகளுக்கும் காலம் கடந்துவிட்டது. எனினும், உணவைத் திருத்தி மூளையைக் காக்கும் வழி பின்னர் தெரிய வந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான றொபேட் கத்றி, பிறந்த குழந்தையின் குதியிற் குத்தி எடுத்த குருதித் துளியை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை அமைத்தார். குறி தோன்றுமுன்பே நோயை இனங்காணும் காலம் அத்துளியுடன் தொடங்கிற்று.

தலசீமியாவின் வரலாறும் இதே காலத்தது. 1925இல் டெற்றொயிற் நகரச் சிறுவர் வைத்தியர் தோமஸ் கூலி, கடுமையான சோகை, பெருத்த மண்ணீரல், முக எலும்புகளின் மாற்றம் ஆகியவற்றை உடைய சில பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்கள் இத்தாலிய, கிரேக்கக் குடியேறிகளின் பிள்ளைகளாயிருந்தமையால், 1932இல் விப்பிள், பிராட்போர்ட் என்போர் கடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு தலசீமியா என்ற பெயரை வழங்கினர். மத்தியதரைக் கடலோர மக்களின் நோய் என்பது கருத்து. இப்பெயர் ஒரு தவறான எண்ணத்தையும் உடன் கொணர்ந்தது. கீழைத்தேயத்துப் பிள்ளை வெளிறியிருந்தால் தலசீமியாவை நினைக்கத் தேவையில்லை என்பதே அது.

மண்ணீரலை எண்ணிய காலம்

நோயின் இயல்பை ஈண்டுச் சுருக்கிக் கூறுதல் வேண்டும். செங்குருதிக் கலங்களில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். கருவிலிருக்கும் பிள்ளைக்குரிய ஈமோகுளோபின் வேறு. பிறந்து சில மாதங்களில் வளர்ந்தோருக்குரியது அதனிடத்தைப் பெறும். பீற்றாத் தலசீமியாவிற் குறைபடுவது இரண்டாவதே. ஆதலாற் பிள்ளை பிறக்கும்போது குறை எதுவும் தெரியாது. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளே மெல்ல வெளிறும்; பால் குடிக்கக் களைக்கும்; எடை ஏறாது; வயிறு பருக்கும். சிதையும் கலங்களை ஈடு செய்ய எலும்பு மச்சை பெருகுதலால் நெற்றியும் கன்ன எலும்பும் புடைக்கும், மண்ணீரல் வீங்கும். குருதி ஏற்றாவிடின் கடும் நோயுற்ற பிள்ளை சில ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்தல் அரிது.

இக்குறிகளுள் வெளிறலும் மண்ணீரல் வீக்கமும் மலேரியாவுக்கும் உரியவை. இலங்கையின் வரண்ட வலயத்தில் மலேரியா நிலைபெற்றிருந்தது. அதன் பரம்பலை அளக்க அதிகாரிகள் கையாண்ட கருவியே பிள்ளைகளின் மண்ணீரல்தான். பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவின் கீழ்க் கைவைத்து அழுத்திப் பார்த்து, வீங்கிய மண்ணீரல் உடையோர் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டனர். அது மண்ணீரல் வீதம் எனப்பட்டது. மலேரியாவை அளக்கப் பயனுள்ள முறையே. ஆனால், அவ்வரிசையில் நின்ற பிள்ளை ஒன்றின் மண்ணீரல் வேறு காரணத்தால் வீங்கியிருப்பினும் அது மலேரியாக் கணக்கிலேயே ஏறியிருக்கும். கொயினா கொடுத்தும் தேறாத பிள்ளையின் சாவும் மலேரியாச் சாவாகவே கொள்ளப்பட்டிருக்கும் என ஊகிக்க இடமுண்டு.

இவ்வூகத்துக்குச் சைப்பிரஸ் தீவு ஆதரவு தருகிறது. மலேரியா மலிந்திருந்த அத்தீவில், பெருத்த மண்ணீரலையுடைய சிறாருட் பலருக்கு உண்மையில் இருந்தது கூலியின் சோகை என்பதை 1944இல் போட்றி என்னும் ஆங்கிலேய வைத்தியர் எடுத்துக் காட்டினார். அதனையடுத்து அங்கே மலேரியா ஒழிக்கப்பட்டபோது தலசீமியா பெரும் பிரச்சினையாக வெளிப்பட்டது. மூடியிருந்த திரை விலகியமையே அதன் காரணம்.

இலங்கையிலும் திரை விலகிய காலம் ஏறக்குறைய அதுவே. 1934–35ஆம் ஆண்டுகளிற் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகித் தேங்கியபோது, கேகாலை, குருநாகல் மாவட்டங்களைப் பெரிதும் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். 1935இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 முதலாண்டு நிறையுமுன் இறந்தன. பின்னர் 1946ஆம் ஆண்டளவில் வீடுதோறும் டீ.டீ.ரீ. தெளிக்கும் பணி தொடங்கிற்று. 1946இல் ஆயிரத்துக்கு 141 ஆக இருந்த சிசுமரண வீதம் 1947இல் 101 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியில் டீ.டீ.ரீ.யின் பங்கு எவ்வளவு, இலவச வைத்திய சேவை, உணவுப் பங்கீடு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்று மட்டும் தெளிவு. முன்னர் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் இறந்திருக்கக்கூடிய பிள்ளைகள் பிழைத்து வளர்ந்தனர். அவருட் சிலர் வேறொரு நோயைக் காட்டும் வரை உயிர் வாழ்ந்தனர்.

பொறளையிற் கிடைத்த பெயர்

1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது குழந்தை மருத்துவப் பேராசிரியராகச் சி. சி. டி சில்வா பதவியேற்றார். சிறுவர் வைத்தியசாலையின் விடுதிகளிற் கண்ட சோகைப் பிள்ளைகளை அவர் புதிய கண்ணோடு நோக்கினார். இரும்புச்சத்துக் குறையாலோ, கொளுக்கிப் புழுவாலோ, மலேரியாவாலோ விளக்க முடியாத சோகை சில பிள்ளைகளிடம் எஞ்சியது. 1950களில் அவர் நெதர்லாந்து அறிஞர் யொங்சிஸ் என்பாருடன் இணைந்து இலங்கையரின் ஈமோகுளோபின் நோய்கள் பற்றி ஆராய்ந்து எழுதினார்.

அக்காலத்தில் ஆய்வுகூடமும் மாறிக்கொண்டிருந்தது. 1949இல் லைனஸ் போலிங் முதலியோர், அரிவாட்கலச் சோகையுடையோரின் ஈமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டி, நோயொன்று மூலக்கூறின் குறையாக இருத்தல் கூடும் என்று நிறுவினர். ஒரு துண்டு வடிதாளும் மின்னோட்டமும் இருந்தாற் குருதியின் வகையை இனங்காணலாம் என்ற நிலை வந்தது. 1954இல் ஈமோகுளோபின் ஈ கண்டறியப்பட்டது. 1958இல் என். நாகரத்தினம், ஆர். எல். விக்கிரமசிங்க, யு. எஸ். ஜயவிக்கிரம, வி. எஸ். மகேசன் ஆகியோர் இலங்கைக் குடும்பம் ஒன்றிற் காணப்பட்ட ஈமோகுளோபின் ஈ நோய்நிலைகளைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். சிங்களவரும் தமிழரும் ஒன்றாகக் கையொப்பமிட்ட அக்கட்டுரையின் தலைப்பிற் குடும்பம் என்ற சொல் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது. நோயாளி ஒருவரை விட்டு அவரைச் சூழ்ந்தோரையும் மருத்துவம் நோக்கத் தொடங்கியமைக்கு அது அடையாளம்.

கடலோரத்தாரின் நோய் என்ற எண்ணம் வேறிடங்களிலும் உடைந்துகொண்டிருந்தது. 1950களின் பிற்பகுதியிற் கட்டாய இராணுவ சேவைக்காகச் சிங்கப்பூர் வந்த டேவிட் வெதறோல் என்னும் இளம் வைத்தியர், கூர்க்கா வீரர் ஒருவரின் சிறு மகளைப் பராமரித்தார். காரணம் தெரியாத சோகையால் அப்பெண்பிள்ளை குருதி ஏற்றப்பட்டே உயிர் வாழ்ந்தது. அது தலசீமியா என அவர் கண்டு 1960இல் எழுதினார். தம் படையினரின் குடும்பத்திற் பரம்பரைக் குறை இருப்பதாக ஊரறியச் சொன்னமைக்காக இராணுவ மேலிடம் அவரைக் கண்டித்தது. பரம்பரை நோயை நிந்தையாகக் கருதும் மனப்பாங்கு கீழைத்தேயத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி போதுமான சான்றாகும்.

மலேரியாவும் தலசீமியாவும் ஒரே நிலத்தில் ஏன் காணப்படுகின்றன என்ற வினாவுக்கு 1949இல் விடை கூற முயன்றவர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். பின்னாளில் இந்தியாவைத் தாயகமாகக் கொண்டு 1964இற் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் குறையைப் பெற்றவர் நோயுறுவதில்லை. மாறாக, மலேரியாவினாற் சாகாது தப்பும் வாய்ப்பு அவருக்குக் கூடுதலாக உண்டு. ஆகையாற் பல தலைமுறைகளில் அப்பரம்பரையலகு மலேரியா நிலத்திற் பெருகியிருக்கும் என்றார். பின்வந்த ஆய்வுகள் இக்கருத்தைப் பொதுவாக உறுதிப்படுத்தின. முன்னோரைக் காத்த கவசமே அவர் வழித்தோன்றல்களுட் சிலருக்கு நோயாயிற்று. எம்முன்னோர் செய்த பாவம் என்று நெஞ்சு நோகும் பெற்றோருக்கு இவ்வுண்மையை எடுத்துரைத்தல் மருந்து கொடுத்தலுக்கு ஒப்பாகும்.

பிள்ளையிலிருந்து நாட்டிற்கு

பெயர் கிடைத்ததும் பிள்ளையின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டும். ஏற்றும் குருதியிலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படிந்து உயிருக்கு ஊறு செய்யும். அதனை வெளியேற்ற டெஸ்பெரொக்சமின் என்ற மருந்தைச் சிறிய விசைக்குழாய் ஒன்றின் மூலம் இரவிற் பல மணிநேரம், வாரத்தின் பெரும்பாலான நாள்களில் தோலின் கீழ்ச் செலுத்துதல் வேண்டும். வயிற்றில் ஊசியுடன் பாடம் படித்து, ஊசியுடன் உறங்கிய பிள்ளைகளின் வாழ்வு மருத்துவப் புள்ளிவிவரங்களுள் அடங்காத வரலாறு.

1990களிற் குருநாகல் வைத்தியசாலை தலசீமியாப் பராமரிப்பின் தலையாய நிலையமாக வளர்ந்தது. வெதறோலும், கனடா நாட்டு வைத்தியரான நான்சி ஒலிவியேரியும் இலங்கை வைத்தியர்களுடன் அங்கே பணிபுரிந்தனர். சாந்திமாலா டி சில்வா, அனுஜா பிரேமவர்தன, எஸ். பி. லமபதுசூரிய ஆகியோரும் இவ்விருவரும் பிறரும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு 703 நோயாளரையும் ஏறக்குறைய 1,600 பாடசாலைப் பிள்ளைகளையும் சோதித்ததன் பயனாகும். பீற்றாத் தலசீமியாவை விளைவிக்கும் 23 வகை மாற்றங்களை அது நாட்டிற் கண்டது. அவற்றுட் சிலவே பெரும்பாலான நோயாளரிடம் இருந்தன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை ஒரே காலத்திற் பேண நேரும் எனவும், அது நாட்டின் சுகாதாரச் செலவிற் கணிசமான பங்கை எடுக்கும் எனவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. மண்ணீரலை எண்ணிய கணக்குக்கும் பரம்பரையலகை எண்ணிய இக்கணக்குக்கும் இடையில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. இரு கணக்கிலும் எண்ணப்பட்டோர் பாடசாலைப் பிள்ளைகளே.

சாதகமும் குருதியும்

தாயும் தந்தையும் நோயின் காவிகளாக இருப்பின், ஒவ்வொரு கருப்பத்திலும் பிள்ளை நோயுறும் வாய்ப்பு நாலில் ஒன்று. காவியாகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. எக்குறையும் இல்லாதிருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. முதற் பிள்ளை நோயுற்றதாயின் அடுத்த மூன்றும் சுகமாகப் பிறக்கும் என்று இதற்குப் பொருள் கொள்வாருளர். அது பெரும் பிழை. ஒவ்வொரு பிள்ளைக்கும் திருவுளச்சீட்டுப் புதிதாகவே எடுக்கப்படுகிறது. இப்பிழையான கணக்கை நம்பி இரண்டாம் முறையும் துயருற்ற குடும்பங்கள் எந்நாட்டிலும் உண்டு.

காவியை முகத்திற் கண்டுகொள்ள இயலாது. அவருடைய செங்குருதிக் கலங்கள் சற்றுச் சிறியன. சோகை இருப்பின் மிகச் சிறிதளவே. கருவுற்ற பெண்ணிடம் இதனைக் கண்டு இரும்புச்சத்துக் குறையென்று மாத்திரை கொடுத்து அனுப்புதல் இலகு. ஈமோகுளோபினின் வகைகளை அளந்து பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. மேலும், தாயிடமும் தந்தையிடமும் இருந்து சரிபாதியாக வருவதே இந்நோய். ஆயினும் நோயுற்ற பிள்ளையைப் பெற்றவள் என்ற பழி தாயின் தலையிலேயே விழுந்து வந்துள்ளது. மருமகளின் வழியிற் குறை தேடும் மாமியாருக்குத் தன் மகனின் குருதியும் அதே அளவுக்குப் பொறுப்பு என்பதை எவரும் சொல்வதில்லை. குருதிச் சோதனை இப்பழியை இரண்டாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதுவே அதன் அறப்பயன்.

உறவுத் திருமணம் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அரிய நோய்களைப் பொறுத்தவரை மச்சான் மச்சாள் மணம் ஆபத்தைக் கூட்டும் என்பது கறொட் காலந்தொட்டு அறிந்ததே. ஆயின் தலசீமியாவைப் போன்று பரவலான காவிநிலை உள்ள இடங்களில் அயலாரை மணப்பதும் முழுக் காப்பாகாது. ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே குறையின் காவிகளாக இருத்தல் கூடும். ஆகவே சொந்தம் விட்டுக் கொண்டோம், கவலையில்லை என்ற ஆறுதல் அரைகுறை ஆறுதலே.

சைப்பிரஸ் நாடு 1970கள் தொடக்கம் மக்களைச் சோதித்து வந்தது. திருமணத்துக்கு முன் சோதனைச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும் என்று அங்குள்ள கிறித்தவத் திருச்சபையும் வற்புறுத்தியது. அதனால் நோயுடன் பிறக்கும் பிள்ளைகளின் தொகை மிகவும் அருகியது. ஆனால் அங்கே காவிகளான இணையர் பெரும்பாலும் மணத்தைக் கைவிடவில்லை. கருவைச் சோதித்து முடிவு செய்யும் வசதி அவர்களுக்கு இருந்தது. இலங்கையின் நிலை வேறு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருச்சிதைவை அனுமதிப்பதில்லை. ஆதலாற் சுமை முழுவதும் திருமணத்துக்கு முன்னைய சோதனையின் மேல் விழுந்தது. காவிகள் இருவர் தம்முள் மணம் செய்யாதிருத்தல் என்பதே நாட்டின் அறிவுரையாயிற்று.

அறிவுரை எளிது, சமுதாயத்தில் அதன் செல்வாக்கு எளிதன்று. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கலியாணப் பேச்சுத் தொடங்கினாற் சாதகம் முதலில் கைமாறும். பொருத்தம் பார்ப்பர், செவ்வாய்க் குற்றம் பார்ப்பர், சீதனமும் குலமும் ஊரும் விசாரிப்பர். குருதியறிக்கை கேட்டாற் பெண் வீட்டாரை அவமதித்ததாகக் கொள்வர். காவி என்று தெரிந்த பெண்ணுக்கு வேறு வரன் வராது என்று அஞ்சி அறிக்கையை மறைப்போரும் உண்டாகலாம். ஆணின் அறிக்கையைக் கேட்கும் துணிவு பெண் வீட்டாருக்கு அதனினும் குறைவு. காவியான ஒருவர் காவியல்லாத ஒருவரை மணப்பதில் நோயுற்ற பிள்ளை பிறக்கும் ஆபத்து இல்லை என்ற எளிய உண்மை பரவாதவரை இவ்வச்சம் நீங்காது. ஆகவே மணம் பேசி முற்றாகிய பின்னர் சோதித்தல் காலம் கடந்த செயல். பாடசாலையை விட்டு வெளியேறும் வயதில், பேச்சு எதுவும் எழுமுன், தன் குருதியைத் தானே அறிந்துகொள்ளுதலே மானத்துக்கும் அறிவுக்கும் பொருத்தமானது. பல்கலைக்கழக மாணவர் இவ்வயதினர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதிவேடும் துளிக் குருதியும்

தலசீமியாவைப் பற்றிய இவ்வரலாறு ஏனைய நோய்களுக்கும் வழி காட்டுவது. 1926இற் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழி, குடும்பநல மாது வீடு தேடிச் சென்று குழந்தையைக் காணும் வழக்கம் நாட்டில் வேரூன்றியது. ஒவ்வொரு தாயின் கையிலும் உள்ள பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு எடையின் ஏற்றத்தைக் கோடாக வரைந்து காட்டும். சிரிப்பதும், தலை நிற்பதும், ஒலி வந்த பக்கம் திரும்புவதும் எப்போது என்பதைத் தாயே கவனித்துச் சொல்ல அதில் இடமுண்டு. கோடு தட்டையாகும் இடத்தில் நோய் பேசத் தொடங்குகிறது. தாய் சொல்லும் குறியைப் பொருட்படுத்தும் ஒழுங்கு ஏட்டளவிலேனும் நிறுவப்பட்டமை சிறிய காரியம் அன்று.

சில நோய்கள் அக்கோட்டுக்கும் காத்திரா. பிறவியிலேயே தைரொயிட்டுச் சுரப்புக் குறைந்த குழந்தை முதல் வாரங்களில் ஏனைய குழந்தைகளைப் போலவே தோன்றும். அழாது நன்றாக உறங்கும் நல்ல பிள்ளை என்று புகழப்படுவதும் உண்டு. அவ்வாரங்களில் மருந்து தொடங்காவிடின் மூளை வளர்ச்சி மீளாத வகையிற் குன்றும். கத்றி காட்டிய குதித்துளி முறையைக் கொண்டு இந்நோயைச் சோதிக்கும் திட்டம் 2010ஆம் ஆண்டை அண்டித் தென் மாகாணத்தில் ஆரம்பித்துப் பின்னர் பிற மாகாணங்களுக்கும் விரிந்தது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இல் மனிதப் பரம்பரையியற் பிரிவு நிறுவப்பட்டதும் இவ்வழியில் ஒரு மைல்கல். நிறமூர்த்தம் ஒன்று மிகுந்ததனால் ஏற்படும் டவுண் நிலையை 1959இல் லெஜேன் விளக்கிக் கால் நூற்றாண்டு ஆகுமுன், அத்தகைய விளக்கத்தைப் பெற்றோருக்கு உள்நாட்டிலேயே கூறும் வாய்ப்பு அதனால் ஏற்பட்டது.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மண்ணீரல் வீங்கிய பிள்ளையைக் கண்டால் மலேரியா என்று சொல்லிவிடும் பழைய வசதி அத்துடன் முற்றாக நீங்கியது. அது மூடிவைத்த நோய் இன்றும் இருக்கிறது; அதன் பெயரும் காரணமும் தெரியும்; சோதனையும் உண்டு. பம்பலப்பிட்டியிலிருந்து பொறளைக்குப் பிள்ளையை எடுத்துச் சென்ற தாய்மார் ஒரு நூற்றாண்டாகக் கேட்ட கேள்வி, என் பிள்ளைக்கு என்ன என்பது. மருத்துவம் அதற்கு விடை கண்டுவிட்டது. அவ்விடையிற் பாதி தம்முடைய குருதியில் இருக்கலாம் என்பதை மணத்துக்கு முன்பே அறிய முன்வருதல் வைத்தியரின் கடமை அன்று, கற்றவரின் கடமை.